இரட்டை டயரும் நூற்றெட்டுத் தேங்காயும்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பிராங்பேர்ட் விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் பகுதியில் எனக்கு வேலை. அங்கே ஒரு சின்னப் பெட்டியைக்கூட நிறுத்துப் பார்க்காமல் விமானத்துக்குள் விடமாட்டோம். நிறுத்த பிறகும் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று கணக்குப் பார்த்துத்தான் ஏற்றுவோம். பாரம் பிழையான இடத்தில் இருந்தால் விமானத்துக்கு என்ன நடக்கும் என்று, வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்களுக்குப் படம் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படம் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. லிஃப்டில் கூட ஏறுகிறவர்களை மனதுக்குள் நிறுத்துப் பார்ப்பேன். கொஞ்சம் பருமனான ஆள் வந்தால் அவருக்கு மரியாதையாக இடம் விட்டுவிட்டுப் படியால் இறங்கிவிடுவேன்.

என் மனைவி இதற்கு நேர்மாறு. முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சாவு, இரத்தம், பனியில் வழுக்கும் வீதி, எதற்கும் அசையமாட்டாள். எங்கள் வீட்டுப் பங்குக்கு வந்த பயம் முழுவதையும் அப்பாவே எடுத்துக்கொண்டார், அம்மாவுக்கு ஒரு துளியும் மிச்சம் வைக்கவில்லை என்று மகள் சொல்லிச் சிரிப்பாள்.

மனைவியின் தமையன், அதாவது என் மச்சான், பழைய வோன்மோபீல் ஒன்று வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ள வண்டி அது. வீட்டையே ஓட்டிக்கொண்டு ஊர் சுற்றலாம். இரண்டு குடும்பமும் மாறி மாறிப் பாவிப்பது என்று ஏற்பாடு. வண்டி வந்த அன்று எல்லோரும் உள்ளே ஏறி மெத்தையை அமத்திப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வெளியே பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தேன். முன்னால் பக்கத்துக்கு ஒரு டயர். பின்னால் பக்கத்துக்கு இரண்டு, அருகருகே. இந்தச் சோடிக்கு ஜெர்மன்காரர் வைத்த பெயர் இரட்டைப்பிள்ளைகள். வெளிப்பிள்ளையைப் பார்க்கலாம், தட்டலாம், காற்று இறங்கினால் கண்ணுக்குத் தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. அதில் காற்றே இல்லாவிட்டாலும், வெளியே உள்ளது இரண்டு பேரின் பாரத்தையும் தாங்கிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல ஓடும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் நித்திரை குறைந்தது.

இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருக்கவேண்டும். பாரம் ஏறினால் டயரின் கன்னம் புடைக்கும். புடைத்த கன்னங்கள் முட்டினால் உரசும். உரசினால் சூடு பிடிக்கும், சூடு ஏறினால் வெடிக்கும், சிலவேளை தீயே பற்றிக்கொள்ளும். ஆகவே வண்டி புறப்படும்போதெல்லாம் நான் உள்ளங்கையை விரித்து அந்த நடுவுக்குள் விட்டுப் பார்ப்பேன். கை தாராளமாகப் போய்வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

"என்ன மச்சான், மாட்டுக்குப் பிரசவம் பாக்கிறியளோ?" என்பார் மச்சான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், ஆனால் கையை எடுக்கமாட்டேன்.

இந்த வருஷம் வசந்தத்தில் அவர் பின்டயர் நாலையும் மாற்றினார். தெரிந்த ஒருவரிடம் அதிகம் ஓடாத டயர்கள் இருந்தனவாம், பழையதைவிட அகலம் கூட. "அகலமெண்டா ரோட்டை நல்லாப் பிடிச்சுக்கொண்டு போகும்" என்றார். சக்கரம் அதே சக்கரம்தான், டயர் மட்டும் தடிப்பு. நான் வழமைபோலக் கையை விட்டேன். கை போகவில்லை. இரண்டு விரல்தான் போனது.

"ரெண்டு விரல் போகுதுதானே? பிறகென்ன?" என்றார். மனைவியும் அவர் பக்கம்தான். அந்தக் குடும்பத்தில் பயத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டாமலே வளர்த்திருக்கிறார்கள்.

எங்களுக்கு ஒரே மகள். அவளுடைய ஆறாவது வயதில் இரத்தத்தில் ஒரு வருத்தம் வந்தது. அந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் இன்றும் சொல்வதில்லை. மருந்து ஏற்றினார்கள், தலைமயிர் எல்லாம் கொட்டியது, விளையாடவேண்டிய வயதில் பிள்ளை கட்டிலில் சுருண்டு கிடந்தாள். அந்தக் காலத்தில் ஒருநாள், ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்று மனைவி ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளை தப்பினால், இங்கே ஜெர்மனியிலேயே வடக்கே உள்ள பெரிய அம்மன் கோயிலில் தேரன்று நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பது. பிள்ளை தப்பினாள். நேர்த்தி மட்டும் அப்படியே கிடந்தது. ஒரு வருஷம் வேலையில் லீவு கிடைக்கவில்லை, ஒரு வருஷம் செத்தவீட்டுத் துடக்கு என்று கோயிலுக்குப் போக முடியவில்லை, பிறகு கொரோனா. அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம்.

இந்த வருஷம் தேருக்குச் சில நாள் இருக்க மனைவி திடீரென்று ஒற்றைக்காலில் நின்றாள். "இந்த முறை கட்டாயம் உடைக்கவேணும். இனிமேலும் தள்ள ஏலாது." மகளுக்குப் பத்தொன்பது வயது. ஒக்டோபரில் கார்ல்ஸ்ரூஹேக்குப் படிக்கப் போகிறாள். பிள்ளை வீட்டை விட்டுப் போகுமுன் செய்துமுடிக்க நினைக்கிறாளாக்கும் என்று நானும் ஓமென்றேன்.

தேருக்கு முதல்நாள் பின்னேரம் சாமான் ஏற்றினார்கள். அந்த வண்டியில் படுக்கை பின்பக்கம் இருக்கிறது. படுக்கைக்குக் கீழே சாமான் வைக்கும் பெரிய அறை, பின்சக்கரத்தையும் தாண்டிப் பின்னுக்கு நீண்டிருக்கும். தேங்காய் மூட்டைகள் அதற்குள் போயின. அன்னதானத்துக்கு அரிசியும் பருப்பும் போயின. கோயில் வாசலில் தண்ணீர்ப்பந்தல் போடுவதாக மச்சான் ஏற்றுக்கொண்டிருந்தார். அதற்கான தண்ணீர்ப் போத்தல் பெட்டிகள், சீனி மூட்டை, இரண்டு பெரிய கிடாரம், எல்லாம் போயின. அவர் தன் குடும்பத்தோடு காரில் அன்றே புறப்பட்டுவிட்டார், பாரம் எங்களுக்கு. எனக்கு அந்தப் பழைய படம் கண்ணுக்கு முன் வந்து நின்றது. எங்கள் ஊருக்கு வெளியே, மணல் விற்கும் இடத்தில் லொறி நிறுக்கும் தராசு ஒன்று இருக்கிறது. ஒருதரம் ஏற்றிப் பார்ப்போம் என்று கெஞ்சினேன்.

"கோயிலுக்குக் கொண்டுபோற சாமானைத் தராசில வைக்கிறதோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள் மனைவி.

காலையில் அவள் வண்டியின் டயர்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தாள். பாதுகாப்பாகப் போய்ச்சேர வேண்டுமே. முன்னால் இரண்டு, பின்னால் பக்கத்துக்கு ஒன்று. வண்டிக்கு ஆறு டயர், பழம் நாலுதான். உள்டயர்களுக்கு வைக்கவில்லை என்பதைக் கவனித்தது நான் மட்டும். சொன்னால் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டேன். குனிந்து இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். மேலே, சக்கரத்தின் தோள்மட்டத்தில், நுனிவிரல் போனது. மனதைத் தேற்றிக்கொண்டு ஏறினேன்.

மனைவி ஓட்டினாள். நான் பக்கத்தில். மகள் களைப்பாக இருக்கிறது என்று சொல்லிப் பின்னால் போய்ப் படுத்துவிட்டாள். ஓடும் வண்டியில் இருக்கைப் பட்டி போடாமல் படுப்பது கூடாது, பிடித்தால் பொலிஸ் விடாது. நான் எழுப்பப் போனேன். "விடுங்கோ. பிள்ளை களைச்சுப்போனாள். கொஞ்சம் படுக்கட்டும்" என்றாள் மனைவி. அவள் குரலில் ஒரு கடுமை இருந்தது. பரீட்சைக்குப் படித்த களைப்பு என்று விட்டுவிட்டேன். ஆனால் மகள் படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழேதான் அந்த நாலு டயர்களும் என்பது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

பிராங்பேர்ட்டிலிருந்து வடக்கே போகும் அந்த ஓட்டோபான் நெடுஞ்சாலை மலைகளுக்கு மேலால் ஏறி இறங்கிப் போகும். உயரமான பாலங்கள். ஒவ்வொரு பாலத்திலும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. வளைவுகளில் பின்பக்கம் கொஞ்சம் பிந்தித் திரும்புவதுபோல எனக்குப் பட்டது. கதவுக் கைப்பிடியைப் பிடித்த பிடியில் என் விரல்கள் வெளுத்துப்போயின. நல்ல வெயில் வேறு ஏறத் தொடங்கியிருந்தது.

ஒரு நீண்ட இறக்கத்தில் மணம் வந்தது.

"ஏதோ கருகிற மணம்" என்றேன்.

"முன்னுக்குப் போற லொறியின்ர பிறேக்கா இருக்கும்."

"முன்னுக்கு லொறி எங்க? இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. லொறி ஓடத் தடை."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப வயலுக்குப் போட்ட மாட்டெரு."

மாட்டெருவுக்கும் ரப்பருக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? யன்னலை இறக்கினேன். மணம் முகத்தில் அடித்தது. அந்த நேரம் எங்களை முந்திய காரில் ஒரு பெண் கண்ணாடிக்குப் பின்னால் கையை ஆட்டி ஆட்டி, எங்கள் பின்சக்கரத்தைக் காட்டினாள். அவள் வாய் ஏதோ சொன்னது.

"நிப்பாட்டும்! உடன நிப்பாட்டும்! பிள்ளை மேல படுத்திருக்கிறாள்!"

"கத்தாதேங்கோ! பாலத்தில எங்க நிப்பாட்டிறது?"

பாலம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. நான் இருக்கைப் பட்டியைக் கழற்றிவிட்டு, ஆடும் வண்டிக்குள் அதையும் இதையும் பிடித்துப் பின்னால் போனேன். மகள் சுவரைப் பார்த்து முடங்கிப் படுத்திருந்தாள். தோளைப் பிடித்து எழுப்பினேன். கண் விழித்த அவளுக்கு என் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. எழுந்து என்னோடு முன்னுக்கு வந்தாள். அவளுடைய கை குளிர்ந்துபோய் இருந்தது. மெத்தைக்குக் கீழேயிருந்து தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது, அல்லது எனக்கு மட்டும் கேட்டது.

பாலத்துக்கு அப்பால் ஒரு தரிப்பிடம் வந்தது. ஞாயிறு ஓய்வில் லொறிகள் வரிசையாக நின்றன. சாரதிகள் சிலர் சின்ன அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி முழுதாக நிற்க முதலே கதவைத் திறந்து மகளை இறக்கி, புல்வெளியின் அந்தப் பக்கம் மரத்தடிவரை இழுத்துக்கொண்டு போனேன். "அப்பா, காணும், மூச்சு வாங்குது" என்று அவள் நின்றபோதுதான் விட்டேன்.

திரும்பிவந்து பார்த்தேன். வலதுபக்கப் பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மெல்லிய புகை. தொடத் தேவையில்லை, அரை அடி தள்ளியே சூடு அடித்தது. இந்த முறை தரையோடு கன்னத்தை வைத்துக் கீழ்ப்பக்கம் பார்த்தேன். அங்கே இடைவெளியே இல்லை. தரையில் பதியும் இடத்தில் இரண்டு டயரும் புடைத்து ஒன்றையொன்று அமத்திக்கொண்டு கிடந்தன. இவ்வளவு காலமும் நான் கைவிட்டுப் பார்த்தது மேல்பக்கம். பாரம் அமத்துவது கீழ்ப்பக்கம்.

வெடித்துவிடுமோ என்ற பயத்தில் மனைவியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தூரப் போனேன். பக்கத்து லொறிக்காரரிடமும் கத்திச் சொன்னேன். அவர் தன் சட்டியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். வண்டி வெடிக்கவில்லை. புகை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

வீதி உதவிக்குத் தொலைபேசி எடுத்தோம். வந்தவர் ஆறுதலாகச் சக்கரத்தைக் கழற்றினார். உள்டயரின் கன்னத்தைத் திருப்பிக் காட்டினார். ரப்பர் தேய்ந்து உள்ளே இருந்த நூல் வெளியே வந்திருந்தது. இந்தச் சக்கரத்துக்கு இந்த அகல டயர் போடக் கூடாது, அதற்குமேல் இவ்வளவு பாரமும் ஏற்றக் கூடாது என்றார். வண்டியை இழுத்துக்கொண்டுதான் போகவேண்டும், பாரத்தை இறக்காமல் அதையும் செய்ய ஏலாதாம். இன்னும் கொஞ்சத் தூரம் ஓடியிருந்தால் என்று தொடங்கினார், பிறகு மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

எனக்குப் பயத்துக்கு மேலே ஒரு வீறாப்பும் வந்தது, அதை மறைப்பானேன். இத்தனை வருஷம் சிரித்தார்களே. கடைசியில் யார் சொன்னது சரி? மச்சானுக்குத் தொலைபேசி எடுத்து ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தேன். அவர் "வாறன், அங்கேயே நில்லுங்கோ" என்று காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

நாங்கள் சாமான்களை இறக்கிப் புல்லில் வைத்தோம். மகள் மரத்தடியில் போய்ப் படுத்துவிட்டாள். அரிசியையும் தண்ணீர்ப் பெட்டிகளையும் இங்கேயே யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று மனைவியும் ஒத்துக்கொண்டாள். தேங்காய் மூட்டைக்கு வந்ததும் நான் சொன்னேன்:

"இதையும் விடும். மச்சான்ர காருக்குள்ள நாங்கள் இருக்கிறதே பெரிய காரியம். அடுத்த வருசம் உடைப்பம்."

"ஏலாது."

"என்ன ஏலாது? அந்தப் புகையைப் பாத்தனீர்தானே? திரும்பவும் பாரம் ஏத்தப் போறீரோ?"

"நான் பஸ் பிடிச்செண்டாலும் கொண்டுபோவன்."

எனக்கு வந்த கோபத்தில் கண் தெரியவில்லை. "உமக்குத் தேங்காய் பெரிசோ, பிள்ளை பெரிசோ?" என்று கத்தினேன். சமைத்துக்கொண்டிருந்த லொறிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அவள் மூட்டையின் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைகள் நடுங்கின. முதியோர் இல்லத்தில் செத்தவர்களைக் குளிப்பாட்டி உடுத்துகிற கைகள் அவை. அவை நடுங்கி நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

"மெல்லக் கதையுங்கோ" என்றாள். "போன கிழமை டொக்டர் போன் எடுத்தவர். பிள்ளைக்கு வருசா வருசம் பாக்கிற ரத்தத்தில ஏதோ சரியில்லையாம். செவ்வாய்க்கிழமை திரும்ப வரட்டாம். முதுகெலும்பில ஊசி போட்டும் பாக்கவேணுமாம்."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை போலவும், எல்லாம் கேட்டது போலவும் இருந்தது. ஓட்டோபானில் கார்கள் போய்க்கொண்டிருந்தன.

"பிள்ளைக்குத் தெரியுமோ?"

"டொக்டர் அவளுக்குத்தான் எடுத்தவர். அவள்தான் வந்து எனக்குச் சொன்னவள்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தபடியே சொன்னாள். "உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு அவள்தான் சொன்னவள். அப்பா பயந்திடுவார், நித்திரை கொள்ளமாட்டார், முடிவு தெரிஞ்ச பிறகு சொல்லுவம் எண்டு. தனக்கு வாற பயத்தோட உங்களையும் பாக்க ஏலாதாம்."

அவள் அழத் தொடங்கினாள். நான் குனிந்து ஒரு தேங்காய் மூட்டையைத் தோளில் ஏற்றி, கார் வந்தால் நிற்கக்கூடிய இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். திரும்பிவந்து அடுத்ததைத் தூக்கினேன். அவள் மற்றப் பக்கத்தைப் பிடித்தாள். மச்சான் வந்ததும் பின்னால் எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவையும் அடைத்தோம். மிச்சத்தை எங்கள் கால்மாட்டில் போட்டோம். பாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

புறப்படுமுன் மகளைக் கூட்டிவர மரத்தடிக்குப் போனேன். அவள் படுத்தபடியே என்னைப் பார்த்தாள். வெளிறிப்போன முகம். இவ்வளவு நாளும் நான் டயரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். நெற்றியில் கைவைக்க வேண்டும்போல இருந்தது. வைத்தால் கை காட்டிக்கொடுத்துவிடும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"என்னப்பா, இன்னும் பயமா இருக்கோ?" என்றாள்.

"ஓம் பிள்ளை," என்றேன். "அந்த டயரை நினைச்சுத்தான்."